விண்வெளிப் பயணம் உடலை என்ன செய்கிறது? நாசாவின் இணையத் தரவை வைத்து நீங்களே ஆராய ஒரு முழுமையான வழிகாட்டி

விண்வெளிக்குப் போய்வந்த எலி, செடி, ஈ, நுண்ணுயிர் ஆகியவற்றின் மரபணுத் தரவை நாசா இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. ஓஎஸ்டிஆர் என்ற திறந்த அறிவியல் தரவுக் களஞ்சியத்தில் 500க்கும் மேற்பட்ட ஆய்வுகள் உள்ளன. திறந்த தரவைப் பார்க்கவும் இறக்கவும் கணக்குத் தொடங்க வேண்டாம், பணமும் கட்ட வேண்டாம். கல்லூரி மாணவர் ஒரு சாதாரண மடிக்கணினியை வைத்தே உருப்படியான ஆய்வு செய்யலாம்.

ஆனால் புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். தளத்தைத் திறந்ததும் வண்ணப் படங்களுக்குப் போய், சிவப்புப் புள்ளிகளை எண்ணி, "விண்வெளியில் இத்தனை மரபணுக்கள் மாறுகின்றன" என்று எழுதிவிடுகிறார்கள். எதோடு ஒப்பிட்டு மாறின என்ற கேள்வி வருவதே இல்லை. கீழே உள்ள படிகளின் வரிசை அந்தத் தவறைத் தடுப்பதற்காக அமைந்தது. வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

எடுத்துக்காட்டாக ஒரே ஓர் ஆய்வைக் கடைசிவரை கொண்டுபோகிறேன்: ஓஎஸ்டி-104. ரோடன்ட் ரிசர்ச்-1 என்ற எலி ஆய்வுத் திட்டத்தில் 2014 செப்டம்பரில் விண்வெளி நிலையத்துக்குப் போன பெண் சுண்டெலிகளின் சோலியஸ் என்ற கெண்டைக்கால் தசையின் தரவு அது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று விஷயங்கள் போதும். உலாவி, ஒரு விரிதாள் மென்பொருள், ஒரு குறிப்பேடு. ஆர் அல்லது பைத்தான் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டாலும் இந்த வழிகாட்டியின் எல்லாப் படிகளையும் செய்யலாம்.

அறிவு என்று பார்த்தால், மரபணு வெளிப்பாடு என்றால் என்ன, ஆர்என்ஏ சீக்வென்சிங் எதை எண்ணுகிறது என்ற அடிப்படை தெரிந்திருக்க வேண்டும். ஒரு திசுவில் எந்த மரபணுவின் ஆர்என்ஏ எவ்வளவு இருந்தது என்பதைத்தான் அது சொல்கிறது. புரதம் எவ்வளவு இருந்தது என்று சொல்லாது. தசை மெலிந்ததா என்றும் சொல்லாது. இதை மறந்தவர்கள் முடிவுரையில் அகப்பட்டுக்கொள்வார்கள்.

பழைய ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு வருபவர்களுக்கு ஒரு குறிப்பு. முன்பு ஜீன்லேப் என்ற பெயரில் இருந்த தளம்தான் இப்போது இதற்குள் சேர்ந்திருக்கிறது. அதனால் பழைய கட்டுரைகளில் ஜிஎல்டிஎஸ் என்று தொடங்கும் எண்களைப் பார்ப்பீர்கள். தளத்தில் ஆய்வுகள் இப்போது ஓஎஸ்டி எண்ணோடு இருக்கும். உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்களில் பழைய முன்னொட்டு இன்னும் தொடர்கிறது. வேறு ஆய்வின் கோப்பு தவறி வந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

2. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

தளத்தைத் திறக்கும் முன்பே இதைச் செய்யுங்கள். எந்த உயிரி, எந்தத் திசு, எதோடு எதை ஒப்பிடப் போகிறீர்கள் ஆகிய மூன்றும் வாக்கியத்தில் இருக்க வேண்டும்.

"விண்வெளி தசையை எப்படிப் பாதிக்கிறது" என்பதை வைத்துக்கொண்டு தேட முடியாது. "விண்வெளி நிலையத்தில் இருந்த சுண்டெலியின் சோலியஸ் தசையில், அதே வகைக் கூண்டில் தரையில் இருந்த எலியோடு ஒப்பிட்டால், மெதுநார் மரபணுக்கள் குறைகின்றனவா?" இதை வைத்துத் தேடலாம். (மெதுநார் என்பது மெதுவாகச் சுருங்கி, எளிதில் களைக்காத தசை இழை; வேகமாகச் சுருங்குவது விரைநார்.)

சோலியஸைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. கெண்டைக்காலின் உள்ளடுக்கில் இருக்கும் இந்தத் தசை, உடல் எடையைத் தாங்கி நிற்பதற்காக இடைவிடாமல் வேலை செய்வது. தாங்க எடையே இல்லாத இடத்தில் முதலில் அடி வாங்குவதும் இதுதான். ஈர்ப்பை எதிர்க்கும் வேலை அதிகமில்லாத திசுக்களில் மாற்றம் மங்கலாக இருக்கும். கற்றுக்கொள்பவருக்கு அது எரிச்சலைத்தான் தரும். முதல் ஆய்வுக்கு மாற்றம் பெரிதாகத் தெரியும் திசுவை எடுங்கள்.

3. தேடலில் வடிகட்டிகளைப் போடுங்கள்

தேடல் பெட்டியில் வெறுமனே சொல்லைப் போட்டால் நூற்றுக்கணக்கில் வரும். உயிரி, சோதனை முறை, ஆய்வு வகை என்ற வடிகட்டிகள் பக்கத்திலேயே இருக்கின்றன. மூன்றையும் பயன்படுத்துங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. களஞ்சியத்தில் இருப்பதெல்லாம் விண்வெளிக்குப் போன மாதிரிகள் அல்ல. எலியின் வாலைக் கட்டிப் பின்னங்கால்கள் தரையில் படாமல் தூக்கி வைக்கும் சோதனைகள், நியூயார்க்கில் உள்ள புரூக்ஹேவன் ஆய்வகத்தில் செயற்கையாகக் கதிர்வீச்சு பாய்ச்சிய சோதனைகள், செடியைச் சுழற்றிக்கொண்டே வளர்க்கும் கருவிகளில் செய்தவை எல்லாம் கலந்தே இருக்கும். தலைப்பில் விண்வெளி என்ற சொல் இருந்தாலும் மாதிரி தரையை விட்டு நகராமல் இருந்திருக்கலாம். ஆய்வு வகை விண்பயணம்தானா, ஆராயப்பட்ட காரணி விண்பயணம்தானா என்று இரண்டையும் பாருங்கள்.

தரைச் சோதனைகள் வீண் என்று சொல்லவில்லை. 11ஆம் படியில் அவற்றுக்கு வேலை இருக்கிறது.

4. விவரப் பக்கத்தை முழுசாகப் படியுங்கள்

இதுதான் இந்த வேலையின் இதயம். எல்லோரும் தாண்டிக் குதிப்பதும் இதையேதான். ஒவ்வோர் ஆய்வுக்கும் விளக்கம், செய்முறை, மாதிரிகள், சோதனைகள், வெளியீடுகள், கோப்புகள் என்று பகுதிகள் உள்ளன. விளக்கத்தையும் செய்முறையையும் வரி விடாமல் படித்து, கீழ்க்கண்டவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில், எந்தெந்தக் குழுக்கள். ரோடன்ட் ரிசர்ச் ஆய்வுகளில் பொதுவாக நான்கைப் பார்ப்பீர்கள். பயணக் குழு என்பது விண்வெளி நிலையத்தில் இருந்த எலிகள். தரைக் கட்டுப்பாட்டுக் குழு, அதே வகைக் கூண்டுக் கருவியில், நிலையத்தின் வெப்பம், ஈரப்பதம், கார்பன் டை ஆக்சைடு அளவு ஆகியவற்றைச் சில நாட்கள் பின்தங்கி அப்படியே பின்பற்றும் அறையில் வைக்கப்பட்டவை. விவேரியம் குழு சாதாரண ஆய்வகக் கூண்டில் இருந்தவை. பேசல் குழு, பயணம் தொடங்கும் சமயத்திலேயே எடுக்கப்பட்ட திசுக்கள்.

பயணக் குழுவை விவேரியம் குழுவோடு ஒப்பிட்டால் கூண்டின் வித்தியாசம், உணவின் வித்தியாசம், காற்றின் வித்தியாசம் எல்லாம் சேர்ந்து உங்கள் விடைக்குள் வந்துவிடும். விண்வெளி நிலையத்தின் காற்றில் கார்பன் டை ஆக்சைடு பூமியில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். பேசல் குழுவோடு ஒப்பிட்டால் எலிக்குக் கூடிய வயதும் சேரும். நம் கேள்விக்குச் சரியான ஜோடி, பயணக் குழுவும் தரைக் கட்டுப்பாட்டுக் குழுவும். மற்ற இரண்டுக்கும் வேறு பயன் உண்டு: தரைக் குழுவுக்கும் விவேரியம் குழுவுக்கும் நடுவில் மாறும் மரபணுக்கள், கூண்டு, உணவு, காற்று ஆகியவை செய்யும் மாற்றத்தைக் காட்டும். அந்தப் பட்டியலைத் தனியே எடுத்து வைத்தால் பிறகு உதவும்.

இரண்டாவது, உயிரி எப்போது, எங்கே கொல்லப்பட்டது. ரோடன்ட் ரிசர்ச்-1 எலிகள் உயிரோடு திரும்பவில்லை. நிலையத்திலேயே கொல்லப்பட்டு, உறைந்த நிலையில் வந்தன. ரோடன்ட் ரிசர்ச்-6 போன்ற பிந்தைய திட்டங்களில் ஒரு பகுதி எலிகள் உயிரோடு திரும்பின. உயிரோடு திரும்பியவை வளிமண்டலத்துக்குள் நுழையும் அதிர்வையும், திசு எடுக்கப்படும்வரை பூமியின் ஈர்ப்பையும் அனுபவித்துவிட்டன. அந்த எலியின் தசை சொல்வது பயணத்தின் கதையா, திரும்பி வந்ததன் கதையா என்று பிரிப்பது கடினம். இரண்டு வகையையும் ஒரே குழுவாகச் சேர்த்துவிடாதீர்கள்.

மூன்றாவது, திசு எப்படிப் பத்திரப்படுத்தப்பட்டது. இது சலிப்பூட்டும் நடைமுறை விவரம் போலத் தெரியும். இதன் விலை என்ன என்று தெரிய வேண்டுமானால் ரோடன்ட் ரிசர்ச்-1 கல்லீரல் தரவைப் பாருங்கள். அந்தப் பயணத்தில் 20 எலிகள் போயின. 10 நாசாவின் சோதனைக்கு, 10 காசிஸ் என்ற அமைப்பின் வழியாக நடந்த சோதனைக்கு. ஒரே ராக்கெட், ஒரே நிலையம். கல்லீரல் தரவுகள் ஓஎஸ்டி-48, ஓஎஸ்டி-47 என்று தனித்தனியே இருக்கின்றன. இரண்டிலும் மாறிய மரபணுப் பட்டியல்கள் ஒத்துப்போகும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஒத்துப்போகவில்லை. 2020-ல் ஜீன்லேப் ஆய்வாளர்களே வெளியிட்ட கட்டுரை இதற்கு முக்கியக் காரணமாகக் காட்டியது, திசு எடுத்த முறையை: முழு உடலை உறையவைத்துப் பிறகு அறுத்து எடுத்த கல்லீரலும், உடனே அறுத்துப் பத்திரப்படுத்திய கல்லீரலும் வெவ்வேறு ஆர்என்ஏ தரத்தைக் கொடுத்தன. சீக்வென்சிங்குக்கு நூலகம் (கருவி படிப்பதற்கேற்பத் தயார்செய்த ஆர்என்ஏ துண்டுகளின் தொகுப்பு) தயாரித்த முறையும் அந்த வித்தியாசத்தைப் பெரிதாக்கியது.

ஆக, செய்முறைப் பகுதியில் பயணக் குழுவுக்கும் தரைக் குழுவுக்கும் ஒரே பத்திரப்படுத்தும் முறையா, ஒரே நூலக முறையா என்று உறுதி செய்யாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். வேறு வேறு என்றால் அந்த ஆய்வை விட்டுவிட்டு இன்னொன்றை எடுப்பது நல்லது. அதைச் சரிசெய்யும் புள்ளியியல் மந்திரம் எதுவும் இல்லை.

5. மாதிரிகளை நீங்களே எண்ணுங்கள்

மாதிரிப் பகுதியில் ஒவ்வோர் எலிக்கும் ஒரு வரி இருக்கும். குழுவுக்கு எத்தனை, ஆணா பெண்ணா, எந்த மரபு, எத்தனை வார வயது என்று எண்ணி எழுதுங்கள். பத்து எலி போனது என்பதால் பத்துத் தசைகளும் சீக்வென்ஸ் ஆகியிருக்கும் என்று எண்ணாதீர்கள். ஒரே எலியின் வெவ்வேறு உறுப்புகள் வெவ்வேறு ஆய்வு எண்களில் கிடக்கும். எல்லா எலிகளும் எல்லா ஆய்விலும் வராது.

எலியின் மரபும் முக்கியம். ரோடன்ட் ரிசர்ச்-1 நாசா எலிகள் சி57 கருப்பு எலி வகை. ரோடன்ட் ரிசர்ச்-3 எலிகள் பால்ப்-சி என்ற வெள்ளை எலி வகை. இரண்டின் உடலியல் வேறு. இது தெரியாமல் இரண்டு திட்டங்களையும் ஒப்பிட்டுவிட்டு, முடிவு ஏன் முரண்படுகிறது என்று குழம்புபவர்கள் நிறையப் பேர்.

6. சரியான கோப்பை மட்டும் இறக்குங்கள்

கோப்புகள் பகுதியைத் திறந்ததும் நீளமான பட்டியல் வரும். எல்லாவற்றையும் தேர்ந்து இறக்கத் தொடங்கினால் அன்றைய இணைய டேட்டா முழுவதும் போய்விடும். சீக்வென்சிங்கின் மூலக் கோப்புகள் ஜிகாபைட் கணக்கில் இருக்கும். முதல் ஆய்வுக்கு அவை தேவையே இல்லை.

ஜீன்லேப் குழு மூலக் கோப்புகளை ஏற்கெனவே ஒரே சீரான வரிசையில் பதப்படுத்தி வைத்திருக்கிறது. தரச் சோதனை, ஓரங்களை வெட்டுதல், ஸ்டார் மென்பொருளால் மரபணுத்தொகுதியோடு பொருத்துதல், ஆர்எஸ்இஎம் மூலம் எண்ணுதல், டிஈசெக்2 மூலம் குழுக்களை ஒப்பிடுதல். இப்படி எல்லா ஆய்வுகளுக்கும் ஒரே முறையைப் பின்பற்றியிருப்பது பெரிய உபகாரம். கட்டுரை எழுதியவர்கள் தனித்தனியே கொடுத்த அட்டவணைகளை ஒப்பிடுவதைவிட இவற்றை ஒப்பிடுவது நியாயமானது.

நீங்கள் இறக்க வேண்டியவை நான்கு சிறிய கோப்புகள்: சாம்பிள் டேபிள் (எந்த மாதிரி எந்தக் குழு), கான்ட்ராஸ்ட்ஸ் (எந்தக் குழு எதோடு ஒப்பிடப்பட்டது), நார்மலைஸ்டு கவுண்ட்ஸ் (மாதிரிகளுக்கிடையே சமன்படுத்திய எண்ணிக்கைகள்), டிஃபரன்ஷியல் எக்ஸ்பிரஷன் (குழுக்களுக்கிடையிலான வித்தியாச அட்டவணை). கூடவே ஆய்வின் விவரத் தொகுப்பான ஐசா கோப்பையும் எடுத்து வையுங்கள். பதப்படுத்திய கோப்புகள் எல்லா ஆய்வுகளுக்கும் இருக்காது. இல்லாத ஆய்வைப் பழகும் கட்டத்தில் தொட வேண்டாம்.

7. விரிதாளில் திறக்கும்போது கவனம்

எக்செல் கோப்பை இருமுறை சொடுக்கித் திறந்தால் சில மரபணுப் பெயர்களை அது தேதியாக மாற்றிவிடும். மார்ச், செப்ட் என்று தொடங்கும் பெயர்கள் மார்ச் 1, செப்டம்பர் 2 என்று ஆகிவிடும். இந்தத் தொல்லையால் 2020-ல் மனித மரபணுக்கள் சிலவற்றின் அதிகாரபூர்வப் பெயர்களையே மாற்ற வேண்டி வந்தது. பழைய தரவுக் கோப்புகளில் பழைய பெயர்கள் இன்னும் இருக்கும்.

அதனால் கோப்பைத் திறக்காமல் இறக்குமதி செய்யுங்கள்; பெயர் உள்ள நெடுவரிசைகளை எழுத்து வகை என்று குறியுங்கள். பட்டியல்களைப் பொருத்தும்போது மரபணுவின் குறுபெயரை நம்பாமல், என்செம்பிள் என்ற மரபணுத் தரவுத்தளம் ஒவ்வொரு மரபணுவுக்கும் தரும் எண்ணைப் பயன்படுத்துங்கள். அந்த எண்ணை எந்த விரிதாளும் கெடுக்காது. அராபிடோப்சிஸ் என்ற ஆய்வகச் செடிக்கு அதன் லோகஸ் எண் அதே வேலையைச் செய்யும்.

8. முதல் படம் பிசிஏ

தளத்தின் காட்சிப்படுத்தும் கருவியில் உங்கள் ஆய்வைத் தேர்ந்து, ஆயிரக்கணக்கான மரபணு மதிப்புகளைச் சில அச்சுகளில் சுருக்கிக் காட்டும் பிசிஏ படத்தை முதலில் பாருங்கள். ஒவ்வொரு புள்ளியும் ஓர் எலி. மொத்த வெளிப்பாட்டில் ஒத்திருக்கும் எலிகள் பக்கத்தில் பக்கத்தில் விழும்.

பார்க்க வேண்டியவை மூன்று. பயணக் குழுவும் தரைக் குழுவும் பிரிந்து நிற்கின்றனவா? தன் குழுவை விட்டு வெகுதூரம் போன எலி ஏதும் உண்டா? புள்ளிகள் வேறு ஏதாவது காரணியால், உதாரணத்துக்குச் சீக்வென்ஸ் செய்த தொகுதியால், பிரிகின்றனவா?

மூன்றாவது நடந்தால், அடுத்து வரப்போகும் மரபணுப் பட்டியலில் பெரும்பங்கு அந்தக் காரணியின் கைவேலையாக இருக்கும். அதனால்தான் இந்தப் படம், ஒவ்வொரு மரபணுவின் மாற்றத்தையும் பி மதிப்பையும் புள்ளியாகக் காட்டும் வோல்கேனோ படத்துக்கு முன்னால் வர வேண்டும் என்கிறேன். வோல்கேனோ படம் எப்போதும் அழகாகவே இருக்கும், தரவு கெட்டிருந்தாலும்.

விலகி நிற்கும் எலியைப் பார்த்ததும் நீக்கிவிட வேண்டாம். ஐசா கோப்புக்குப் போய் அதன் விவரத்தைப் பாருங்கள். ஆர்என்ஏ தரம் குறைவு போன்ற காரணம் கிடைத்தால், அதை வைத்து ஒருமுறை, நீக்கி ஒருமுறை என இரண்டு முடிவையும் எழுதுங்கள். காரணம் கிடைக்காவிட்டால் அது இருக்கட்டும்.

9. வித்தியாச அட்டவணையைப் படிக்கும் முறை

இந்தக் கோப்பின் நெடுவரிசைகளைப் பார்த்தே பலர் ஓடிவிடுவார்கள். நமக்கு வேண்டியவை சிலதான்: என்செம்பிள் எண், குறுபெயர், லாக்2 மடங்கு மாற்றம், திருத்திய பி மதிப்பு. (உண்மையில் மாற்றமே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாகத் தெரிய எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் பி மதிப்பு.)

முதல் எச்சரிக்கை, திசை. கோப்பில் ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு திசையிலும் ஒப்பீடு இருக்கும். பயணம் எதிர் தரை என்று ஒரு நெடுவரிசை, தரை எதிர் பயணம் என்று இன்னொன்று. இரண்டும் ஒன்றின் எதிர்க்குறி மற்றொன்று. தவறான நெடுவரிசையை எடுத்தால் கூடியதெல்லாம் குறைந்ததாகவும் குறைந்ததெல்லாம் கூடியதாகவும் எழுதிவிடுவீர்கள். கணக்கில் எந்தப் பிழையும் தெரியாது. பெயரில் முதலில் பயணக் குழு இருக்கும் நெடுவரிசையை எடுத்து, அதற்கு நிறம் போட்டு வையுங்கள். அதில் 1 என்றால் விண்வெளியில் இருமடங்கு, -1 என்றால் பாதி.

இரண்டாவது, திருத்தாத பி மதிப்பைத் தொடாதீர்கள். சுமார் 20,000 மரபணுக்களைச் சோதிக்கும்போது, உண்மையில் எதுவுமே மாறாவிட்டாலும் 0.05 என்ற வரம்பில் ஆயிரம் மரபணுக்கள் தற்செயலாகத் தேறிவிடும். திருத்திய மதிப்பு இதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

மூன்றாவது, திருத்திய பி மதிப்பு காலியாக இருக்கும் வரிகள். அதைப் பூஜ்யம் என்று விரிதாள் எடுத்துக்கொண்டால் அவையெல்லாம் பட்டியலின் உச்சிக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தாலோ, ஓர் எலியின் அளவு மட்டும் அதீதமாக இருந்தாலோ டிஈசெக்2 இப்படி விடும். வடிகட்டும் முன் அவற்றைத் தனியே ஒதுக்குங்கள்.

வரம்பு எதை வைப்பது என்று எல்லோரும் கேட்கிறார்கள். திருத்திய பி 0.05க்குக் கீழ், லாக்2 மாற்றம் 1க்கு மேல் அல்லது -1க்குக் கீழ் என்பது வழக்கம். அதைவிட முக்கியம், முடிவைப் பார்க்கும் முன்பே வரம்பைக் குறிப்பேட்டில் எழுதிவிடுவது. பட்டியல் சின்னதாக வந்ததும் வரம்பைத் தளர்த்துவது கைக்கு மிக எளிது, அதனால்தான் சொல்கிறேன்.

10. தெரிந்த விடையை வைத்துத் தரவைச் சோதியுங்கள்

புதியதைத் தேடும் முன், ஏற்கெனவே தெரிந்தது தரவில் தெரிகிறதா என்று பாருங்கள். எடையைத் தாங்காத சோலியஸ் தசையில், தசையைச் சுருக்கும் புரதமான மையோசினில் மெதுநார்களுக்குரிய வகை குறைந்து, விரைநார் வகைகள் கூடும் என்பது பல பயணங்களில் கண்ட விஷயம். அந்த மையோசின் மரபணுக்களின் வரிகளைத் தேடிப் பாருங்கள். திசை தலைகீழாக இருந்தால் 9ஆம் படியின் நெடுவரிசையைச் சரிபாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் தவறு இருக்கும்.

இன்னொரு எளிய சோதனை, எலி ஆணா பெண்ணா என்பது. ஸிஸ்ட் என்ற மரபணு பெண் எலிகளில் பெரிதாக வெளிப்படும். ஒய் குரோமோசோம் மரபணுக்கள் அவற்றில் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். ஆணும் பெண்ணும் கலந்த ஆய்வில் பெயர்ச்சீட்டு மாறிய மாதிரியை இது உடனே காட்டிக்கொடுக்கும்.

அப்புறம், பட்டியலின் முதல் சில மரபணுக்களை எடுத்து, நார்மலைஸ்டு கவுண்ட்ஸ் கோப்பிலிருந்து ஒவ்வோர் எலியின் மதிப்பையும் புள்ளிகளாக வரையுங்கள். சராசரிப் பட்டையை வரைய வேண்டாம். ஒரே ஓர் எலி மட்டும் வானத்தில் நின்று, மற்றவை தரைக் குழுவோடு கலந்திருந்தால், அது அந்த எலியின் விசேஷம்தான். விண்வெளியின் விளைவு என்று சொல்லிவிட முடியாது.

11. பட்டியலிலிருந்து உயிரியலுக்கு, பிறகு இன்னோர் ஆய்வுக்கு

மாறிய மரபணுக்கள் எந்த வேலைகளைச் சேர்ந்தவை என்று பார்க்க ஜி-புரொஃபைலர், ஸ்ட்ரிங் போன்ற இலவசக் கருவிகள் உள்ளன. கூடியவற்றையும் குறைந்தவற்றையும் தனித்தனியே கொடுங்கள். உயிரியைச் சுண்டெலி என்று மாற்றுங்கள். ஜி-புரொஃபைலர் மனிதனில்தான் தொடங்கும்.

பின்னணிப் பட்டியலையும் நீங்களே கொடுக்க வேண்டும். அந்தத் திசுவில் வெளிப்பட்டு, சோதனைக்கு உள்ளான மரபணுக்கள் மட்டுமே பின்னணி. எலியின் மொத்த மரபணுக்களையும் பின்னணியாக விட்டால், தசையை ஆராய்ந்தவருக்குத் தசைச் சுருக்கம் என்ற விடை முதலிடத்தில் வரும். அது தசை என்று முன்பே தெரியும்தானே!

ஒரே ஆய்வோடு நின்றுவிடாதீர்கள். ரோடன்ட் ரிசர்ச்-1 திட்டத்திலிருந்தே வேறு கால் தசைகளும் உள்ளன: ஓஎஸ்டி-99, 101, 103, 105. எடை தாங்கும் சோலியஸில் மாறியது, அவ்வளவாகத் தாங்காத, அதே காலின் முன்புறத் தசையிலும் மாறுகிறதா என்று பார்ப்பது சுவையான கேள்வி. ஆனால் இவை ஒரே பயணம். எலிகளும் அதே கூட்டம். ஐந்து தசையிலும் ஒரே மாற்றம் தெரிந்தால் ஐந்து சான்று கிடைத்ததாக எண்ணக் கூடாது. சுதந்திரமான சான்றுக்கு வேறு பயணம் வேண்டும்.

வேறு பயணத்தோடு ஒப்பிடும்போது இரண்டு ஆய்வின் கவுண்ட்ஸ் கோப்புகளையும் ஒரே தாளில் ஒட்டி ஒப்பிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. இரண்டும் வேறு கருவி, வேறு நாள், வேறு நூலக முறை. ஒவ்வோர் ஆய்வுக்குள்ளும் பயணம் எதிர் தரை மாற்றத்தைக் கணக்கிட்டு, பிறகு அந்த மாற்றங்களின் திசையை ஒப்பிடுங்கள்.

பின்னங்காலைத் தூக்கி வைத்த தரைச் சோதனைகள் இங்கேதான் கைகொடுக்கும். அங்கே பின்னங்கால்கள் எடை தாங்குவதில்லை. ராக்கெட் அதிர்வு இல்லை, விண்வெளிக் கதிர்வீச்சு இல்லை. இரண்டிலும் சேர்ந்து மாறுபவை, தசை வேலையிழந்ததால் வந்தவை என்று சொல்ல ஓரளவு இடம் கிடைக்கும்.

12. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது

பயணக் குழுவையும் தரைக் குழுவையும் ஒப்பிட்டு வந்த விடை, விண்பயணத்தின் விளைவு. எடையின்மையின் விளைவு என்று எழுத அது போதாது. ஏவுதலின் அதிர்வு, கதிர்வீச்சு, மன அழுத்தம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. தரைக் குழு ஈடுகட்டுவது கூண்டையும் காற்றையும் வெப்பத்தையும்தான்.

எடையின்மையைப் பிரித்தெடுக்க வேண்டுமானால் நிலையத்துக்குள்ளேயே ஈர்ப்புள்ள கட்டுப்பாட்டுக் குழு வேண்டும். ஜப்பானின் விண்வெளி அமைப்பான ஜாக்சா 2016-ல் இதைச் செய்தது. 12 ஆண் எலிகளை 35 நாட்கள் நிலையத்தில் வைத்து, பாதியைச் சுழலும் கருவியில் பூமியின் ஈர்ப்புக்குச் சமமான நிலையில் வளர்த்தது. இந்த வகை ஆய்வு கிடைத்தால் விடாதீர்கள்.

கதிர்வீச்சைப் பற்றி எழுத ஆசைப்படுபவர்கள் முதலில் களஞ்சியத்தின் ராட்லேப் கருவியில் நிலையத்துக்குள் பதிவான அளவைப் பார்க்க வேண்டும். நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், பூமியின் காந்தப்புலத்துக்கு உள்ளேதான் சுற்றுகிறது. அங்கே கிடைத்த தரவை வைத்து செவ்வாய்ப் பயணத்தின் கதிர்வீச்சு ஆபத்தைப் பேசினால் அது ஊகம்தான்.

செடிகளில் இது இன்னும் சிக்கல். ஓஎஸ்டி-37-ல் அராபிடோப்சிஸின் நான்கு வகைகள் மூடிய கலன்களுக்குள் இருட்டில் முளைத்தன. தரைக் குழுவும் அதே கலனில்தான் இருந்தது. ஆனாலும் எடையின்மையில் சூடான காற்று மேலெழுவதில்லை. அதனால் வாயு மெதுவாகத்தான் கலக்கும். வேரைச் சுற்றி ஆக்சிஜன் குறைந்தால் செடி மூச்சுத்திணறலுக்கான மரபணுக்களை இயக்கும். அதைச் செடி ஈர்ப்பின்மையை உணர்ந்ததாக எழுதலாமா? காரணச் சங்கிலியில் ஒரு கண்ணி நடுவில் இருக்கிறது. அதைச் சொல்லி எழுத வேண்டும்.

மனிதத் தரவுக்கும் ஒரு வார்த்தை. ஸ்காட் கெல்லி 340 நாட்கள் நிலையத்தில் இருந்ததை, பூமியில் இருந்த இரட்டையர் மார்க்கோடு ஒப்பிட்ட ஆய்வு 2019-ல் வெளிவந்தது. செல்வமான தரவு, ஆனால் பயணக் குழுவில் ஒருவர் மட்டுமே. எல்லா விண்வெளி வீரர்களுக்கும் பொருந்தும் என்று அதிலிருந்து எழுத முடியாது. வீரர்களின் தனியுரிமை காரணமாக மனிதத் தரவில் ஒரு பகுதி விண்ணப்பித்துத்தான் கிடைக்கும்.

13. பதிவும் உதவியும்

ஆய்வு எண், அதன் பதிப்பு, இறக்கிய தேதி, பயன்படுத்திய நெடுவரிசை, வைத்த வரம்பு ஆகியவற்றை எழுதி வையுங்கள். களஞ்சியம் கோப்புகளை அவ்வப்போது மறுபடி பதப்படுத்திப் புதுப்பிக்கிறது; போன வருடத்து எண்ணிக்கை இந்த வருடம் சற்று மாறலாம். மேற்கோள் காட்ட ஒவ்வோர் ஆய்வுக்கும் டிஓஐ என்ற நிலையான அடையாள எண் இருக்கிறது. ஆய்வை வெளியிட்டவர்களின் கட்டுரையையும் தரவையும் தனித்தனியே மேற்கோள் காட்டுங்கள்.

டிஈசெக்2-ஐ நீங்களே ஓட்டிப் பார்க்க ஆசை வந்தால், கேலக்சி என்ற இணையத் தளத்தில் நிரல் எழுதாமலே செய்யலாம். ஜீன்லேப் தன் பதப்படுத்தும் நிரல்களையும் பொதுவில் வைத்திருக்கிறது.

சிக்கிக்கொண்டால் கேட்க இடம் உண்டு. களஞ்சியத்தைச் சுற்றி விலங்கு, செடி, நுண்ணுயிர், செயற்கை நுண்ணறிவு என்று பகுப்பாய்வுக் குழுக்கள் இயங்குகின்றன. எந்த நாட்டு மாணவரும் இலவசமாகச் சேரலாம். கூட்டங்கள் அமெரிக்க நேரத்தை ஒட்டி நடப்பதால் நமக்கு இரவு விழிக்க வேண்டியிருக்கும். அங்கே கேள்வி கேட்கும்போது ஆய்வு எண், கோப்பின் பெயர், ஒப்பிட்ட திசை மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள். இல்லாவிட்டால் வரும் முதல் பதில் அந்த மூன்றையும் கேட்டுத்தான் இருக்கும்.